ஊர்ப் பெயர் சொல்லி விற்கும் கடை



திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமம் பகுதிக் கடைகளுக்குத் தானியமும் பருப்பும் போட்டு வரும் மொத்த வியாபாரி நான். கார்த்திகை தீபம் தொடங்கி மாசி வரை அங்கே வெளிநாட்டு அன்பர்கள் நடமாட்டம் அதிகம். 2013 சீசனில் என்னிடம் சரக்கு எடுக்கும் மளிகைக்காரர் ஒருவர் போன் செய்தார்.

“அண்ணே, ஒரு வெள்ளைக்கார அம்மா இந்தச் சாமை எந்த ஊர்ல விளைஞ்சதுன்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?”

“ஜவ்வாது மலைன்னு சொல்லுப்பா” என்றேன்.

அந்த மூட்டையில் பாதிதான் ஜவ்வாது மலைச் சாமை. மீதி, விலை குறைவாகக் கிடைத்த வெளியூர்ச் சரக்கு. இரண்டும் நல்ல சாமைதான், கல் மண் கிடையாது. ஆனால் நான் சொன்னது பாதிப் பொய். அந்த அம்மா நம்பி இரண்டு கிலோ வாங்கிப் போனாராம். அன்று அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

அடுத்த ஆண்டு, 2014-ல், நியூஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை, “மாமா, நியூயார்க்கில் ஈட்டலி போகலாம், உங்களுக்குப் பிடிக்கும்” என்றார். நான் இட்லிக் கடை என்றே நினைத்துக் கிளம்பினேன். போன பிறகுதான் தெரிந்தது, சாப்பிடு என்ற ஆங்கிலச் சொல்லையும் இத்தாலியையும் ஒட்ட வைத்த பெயர் அது. ஆஸ்கர் ஃபரினெட்டி என்பவர் 2007-ல் இத்தாலியின் டூரின் நகரில், மூடிக் கிடந்த பழைய மது ஆலை ஒன்றில் முதல் கடையைத் தொடங்கினார். அதற்கு முன் அவர் நடத்தியது மின்சாதனக் கடைகள். நியூயார்க் ஐந்தாம் அவென்யூ கடை 2010 ஆகஸ்ட் 31-ல் திறந்தது.

உள்ளே நுழைந்தால் திருவிழாக் கூட்டம். ஒரு பக்கம் ரொட்டி அடுப்பு, ஒரு பக்கம் காப்பி, இன்னொரு பக்கம் காய்கறி. நடுநடுவே உட்கார்ந்து சாப்பிட மேசைகள். கடையும் ஓட்டலும் பிரிக்க முடியாமல் கலந்திருந்தன. ஒருவர் வெந்நீரில் பால்கட்டியை இழுத்து இழுத்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். மொசரெல்லா என்றார்கள். நம் ஊரில் வாசலிலேயே கடாய் வைத்துப் பால்கோவா கிண்டுவது போலத்தான். கண்ணெதிரே செய்வதை வாங்குபவர் பேரம் பேசுவதில்லை.

என்னை நிறுத்தியது பாலாடைக்கட்டிப் பகுதி. பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்று ஒரு ரகம். வண்டிச் சக்கரம் போல உருண்டை, ஒவ்வொன்றும் சுமார் 40 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 500 லிட்டருக்கு மேல் பால் வேண்டும். குறைந்தது 12 மாதம் பக்குவப்படுத்திய பிறகே விற்பனை. நம்மில் யார் ஒரு வருடம் முதலைப் பூட்டி வைப்போம்?

அதன் தோலைச் சுற்றிலும் புள்ளிப் புள்ளியாகப் பெயர் பதித்திருந்தது. செய்த பண்ணையின் எண், மாதம், ஆண்டு எல்லாம் உண்டு. சில்லறைக்கு எங்கே வெட்டினாலும் துண்டின் தோலில் பெயரின் ஒரு பகுதி நிற்கும். உற்பத்தியாளர்கள் சங்கம் கூட்டி இந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார்களாம். சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டே தரம் பார்ப்பார்கள். தேறாத சக்கரத்தில் பெயரைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள் என்று மாப்பிள்ளை படித்துச் சொன்னார்.

அதைக் கேட்டதும் எனக்கு அந்தச் சாமை மூட்டை ஞாபகம் வந்தது. அவர்கள் பெயருக்குத் தகுதியில்லாத சரக்கிலிருந்து பெயரை எடுக்கிறார்கள். நானோ தகுதியில்லாத சரக்குக்குப் பெயரைச் சூட்டியிருக்கிறேன்.

ஊர் திரும்பியதும் செய்த முதல் வேலை, மலைச் சரக்கைத் தனியாக அடுக்கியது. ஜமுனாமரத்தூர் பக்கம் நேரில் போய்க் கொள்முதல் செய்தேன். ஒவ்வொரு மூட்டையிலும் கிராமத்தின் பெயரும் வாங்கிய மாதமும் எழுதிய சீட்டுக் கட்டினேன். அந்த மளிகைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “விடுங்கண்ணே, யாருக்குத் தெரியும்” என்றார். எனக்குத் தெரியுமே.

முதல் வருடம் லாபம் இல்லை. கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடுதல் என்றதும் டவுன் கடைகள் எடுக்கவில்லை. மூன்று மூட்டை வண்டு விழுந்து வீணானது. ரமணாசிரமம் பகுதிக் கடைகள்தான் கைகொடுத்தன. அங்கே வருபவர்கள் சீட்டைப் படித்துப் பார்த்து வாங்கினார்கள். இன்று நம் ஊர்க் குடும்பங்களும் சீட்டு இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

நம் நாட்டிலும் இதற்குச் சட்டம் உண்டு. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு 2003-ல் நடைமுறைக்கு வந்தது. பழனி பஞ்சாமிர்தம், கொடைக்கானல் மலைப்பூண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஆகியவை 2019-லும், கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020-லும் குறியீடு பெற்றன. இந்தப் பெயர்களைச் சொல்லி விற்கும் கடைக்காரர், சரக்கு அந்த ஊருடையதுதானா என்று கேட்டு வாங்க வேண்டும். மலைப்பூண்டு என்று சொல்லி வேறு பூண்டை நிறுத்துக் கொடுத்தால், மலையில் பாடுபட்டவர் வயிற்றில் அடிக்கிறோம்.

வெளிநாட்டுச் சரக்கு வைக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன பார்மிஜானோவில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள் சேர்க்கிறார்கள். சைவம் என்று நினைத்து வாங்க வருபவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று நீங்களும் பார்த்து வாங்குங்கள். ஒரு வியாபாரம் போகலாம், வாடிக்கையாளர் போகமாட்டார்.

ஈட்டலி போலப் பெரிய கடை கட்ட நமக்கு முதல் இல்லை. சீட்டு எழுத ஒரு பேனா போதும். எந்த ஊர் என்று தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். கலந்திருந்தால் கலந்தது என்றே சொல்லி அதற்கான விலைக்கு விற்போம். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

அந்த வெள்ளைக்கார அம்மாவை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. வந்தால், இந்த முறை கிராமத்தின் பெயரையே சொல்லிவிடுவேன்.