சார்ஜ் ஏறாத லிப்போ: சார்ஜர் “முடியாது” என்றால் என்ன அர்த்தம்?

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு தம்பி. தண்டலத்தில் இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிறான், ஆர்.சி. விமானம் விடுவதில் பைத்தியம். போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து பெங்களூரு ஹைவேயில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். டீக்கடையில் காத்துக்கொண்டிருந்தான். கையில் இரண்டு பேட்டரி.

“அண்ணா, ரெண்டுமே சார்ஜ் ஏறல. ஞாயித்துக்கிழமை போட்டி.”

இரண்டும் ஒரே மாதிரி லிப்போ பேக். 3எஸ், 2200 எம்ஏஎச். ஒன்று பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. இன்னொன்றைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. எப்படித் தெரிந்துகொண்டோம் என்பதுதான் இன்றைய விஷயம்.

முதலில் கொஞ்சம் அடிப்படை. 3எஸ் என்றால் மூன்று செல் வரிசையாக இணைந்திருக்கிறது. ஒரு செல் முழுசா ஏறினால் 4.2 வோல்ட், அதாவது பேக்குக்கு 12.6. ஒரு செல்லை 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடக் கூடாது. கரண்ட் போகும் இரண்டு தடி ஒயர் தவிர, நாலு மெல்லிய ஒயரோடு ஒரு வெள்ளைப் பிளக் இருக்கும். அதுதான் பேலன்ஸ் பிளக். ஒவ்வொரு செல்லும் எத்தனை வோல்ட்டில் இருக்கிறது என்று சார்ஜர் அது வழியாகத்தான் பார்க்கிறது.

பேட்டரியைச் சந்தேகப்படும் முன்னால் வெளியே பாருங்கள். சார்ஜருக்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டர் சரியாக இருக்கிறதா? சார்ஜரில் லிப்போ, 3எஸ் என்று தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா? நன்றாக இருக்கிற வேறு பேட்டரி அதே சார்ஜரில் ஏறுகிறதா? பாதிப் பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து மல்டிமீட்டர். டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். முதலில் தடி ஒயரில் மொத்த வோல்ட். பிறகு பேலன்ஸ் பிளக்கில் கறுப்பு ஒயரிலிருந்து ஆரம்பித்து ஒன்று-இரண்டு, இரண்டு-மூன்று, மூன்று-நாலு என்று அடுத்தடுத்த பின்களை அளக்கணும். மீட்டர் முனை ஒரே நேரத்தில் இரண்டு பின்னைத் தொட்டால் பொறி பறக்கும், கவனம். மூன்று எண்ணையும் கூட்டினால் மொத்த வோல்ட் வரணும். பேலன்ஸில் கணக்கு சரியாக இருந்து தடி ஒயரில் ஒன்றுமே வரவில்லை என்றால், கனெக்டரில் சால்டர் விட்டிருக்கும்.

தம்பியின் முதல் பேக்கில் சார்ஜர் ‘கனெக்‌ஷன் பிரேக்’ என்று காட்டியது. மொத்தம் 11.4 இருந்தது. செல் 3.8, 3.8, அப்புறம் பூஜ்யம். மூன்றாவது செல் செத்திருந்தால் மொத்தம் 11.4 வராதே! பிளக்கைத் திருப்பிப் பார்த்தோம். சிவப்பு ஒயரின் பின் உள்ளே பின்வாங்கியிருந்தது. ஒயரைப் பிடித்து இழுத்துக் கழற்றும் பழக்கத்தால் வருவது இது. பின்னை அழுத்தி உட்கார வைத்தோம். 3.8 வந்தது. சார்ஜரும் ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது பேக்கில் ‘லோ வோல்டேஜ்’. மொத்தம் 8.2. செல் 3.5, 3.4, 1.3. தரையில் வைத்தால் லேசாக ஆடியது, உப்பியிருந்தது.

“பறக்க விட்டப்புறம் கழட்டினியா?”

“இல்லண்ணா... ராத்திரி பூரா விமானத்துலயே இருந்துச்சு.”

மோட்டார் ஓடாவிட்டாலும் ரிசீவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். மூன்றில் பலவீனமான செல்தான் முதலில் விழும்.

அப்போது அவன் கேட்டான்: “நிக்கல் மோடுல போட்டு கொஞ்சம் ஏத்தினா எழுந்துக்கும்னு ஃப்ரெண்டு சொல்றான். வீடியோவே இருக்குண்ணா.”

இந்தத் தந்திரம் எனக்கும் தெரியும், நானே செய்திருக்கிறேன். நிக்கல் மோடில் சார்ஜர் செல் செல்லாகப் பார்க்காது. கண்ணை மூடிக்கொண்டு கரண்ட்டைத் தள்ளும். அன்றைக்கு என் பேக்கும் ‘எழுந்தது’. நாலாவது சார்ஜில் பலூன் மாதிரி உப்பிப் புகைந்தது. மொட்டை மாடியில் வைத்திருந்ததால் தரையில் ஒரு கறுப்பு வட்டத்தோடு போயிற்று.

ஏன் அப்படி? செல்லின் எதிர்முனையில் ஒரு மெல்லிய செம்புத் தகடு இருக்கிறது. வோல்ட் ரொம்பக் கீழே போனால் அந்தச் செம்பு கரைந்து திரவத்தில் கலக்கும். மறுபடி ஏற்றும்போது வேண்டாத இடங்களில் படியும். அது ஒரு நாள் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக்கலாம். அதனால் சார்ஜ் ஏறியதை வைத்து செல் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

போன் பேட்டரியில் ஒரு சின்னப் பாதுகாப்பு சர்க்யூட் இருக்கும், ரொம்ப இறங்கும் முன்னாலேயே துண்டித்துவிடும். ஆனாலும் உள்ளே ஷார்ட் ஆனால் அதுவும் கைகொடுக்காது. ஞாபகம் இருக்கா, நம்ம ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா போன் செய்துகொண்டிருந்த காலம்? 2007 ஆகஸ்டில், சார்ஜ் ஆகும்போது ஷார்ட் ஆகிச் சூடாகலாம் என்று 4.6 கோடி பிஎல்-5சி பேட்டரிக்கு அந்த நிறுவனம் எச்சரிக்கை விட்டது. மட்சுஷிதா தயாரித்த பேட்டரிகள் அவை. நம் ஹாபி லிப்போவில் அந்த சர்க்யூட்டும் கிடையாது. நாமும் சார்ஜரும்தான் காவல். சார்ஜரை ஏமாற்றினால் இருந்த ஒரு காவலும் போச்சு.

என் கணக்கு இதுதான். எல்லா செல்லும் சமமாக 2.5-க்கு மேலே இருக்கணும், இறங்கி ஒரு நாள்கூட ஆகியிருக்கக் கூடாது, கொஞ்சமும் உப்பியிருக்கக் கூடாது. அப்படி இருந்தால் மட்டும் லிப்போ மோடில், பேலன்ஸ் பிளக் போட்டு, 0.2 ஆம்பியரில், பக்கத்திலேயே உட்கார்ந்து முயற்சி செய்வேன். சார்ஜர் அதற்கும் மறுத்தால் விட்டுவிடுவேன். ஒரு செல் மட்டும் விழுந்திருந்தாலோ, உப்பியிருந்தாலோ, பேச்சே இல்லை.

தம்பி முகம் வாடிவிட்டது. கிட்டத்தட்ட ரெண்டாயிரம் ரூபாய், டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு. “எங்க சார்ஜ் போடுவ?” என்று கேட்டேன். ஹாஸ்டல் ரூம், கட்டிலுக்கு அடியில், ராத்திரி தூங்கும்போது. ரூமில் நாலு பேர். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெட்டவெளியில் 12 வோல்ட் பல்பை மாட்டி அந்த பேக்கைப் பூஜ்யத்துக்கு இறக்கினோம். முனைகளில் டேப் சுற்றி இ-வேஸ்ட் எடுக்கும் இடத்தில் கொடுத்தோம். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளும் தனியாகத்தான் கொடுக்கச் சொல்கின்றன.

பறக்க விட்டதும் கழற்றுங்கள். சில நாள் பறக்க விடப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8-ல் நிறுத்தி வையுங்கள். 2200 எம்ஏஎச் பேக்குக்கு 2.2 ஆம்பியருக்கு மேல் வேண்டாம். எரியாத தரையில் வைத்து, முழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பேக்கை வைத்தே ஓட்டினான். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் ஆற வைத்துச் சார்ஜ் ஏற்ற நேரம் போதவில்லை, கடைசிச் சுற்றை விட்டுவிட்டான். அதில் கொஞ்சம் வருத்தம்தான். அடுத்த மாசம் புதுசு வாங்கணும்னு இருக்கிறான். அடுத்த எபிசோடில் சால்டரிங் பற்றிப் பேசலாம்.