தமிழ்ச் சரங்களைக் கையாளும் நிரல்களில் வழுநீக்கம்: ‘சோழவந்தான்’ என்னும் ஊர்ப்பெயரை முன்வைத்து

மதுரை மாவட்ட ஊர்ப்பெயர்களை மின்பனுவல்களில் தேடும் நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘மதுரை’, ‘திருமங்கலம்’ ஆகிய பெயர்கள் வரும் இடமெல்லாம் அகப்படுகின்றன. ‘சோழவந்தான்’ மட்டும் சில வரிகளில் தவறிவிடுகிறது. திரையிலோ எழுத்துகளில் வேறுபாடே தெரிவதில்லை. ஒரு பனுவலில் ஒரு சொல் பயிலவில்லை என்று ஆய்வாளர் எழுதும் முடிவு இத்தகைய வழுவின் விளைவாகவும் இருக்கக்கூடும் என்பதால், இது கணினியாளர்க்கு மட்டும் உரிய சிக்கலன்று.

வழுவை வேண்டும்போதெல்லாம் மீண்டும் தோற்றுவிக்க இயலுதல் முதற்பணி. தவறும் ஒரு வரியைத் தனியே எடுத்துக்கொண்டு, சொல்லை இருகூறாக்கித் தேட வேண்டும். ‘வந்தான்’ அகப்படுகிறது, ‘சோழ’ அகப்படவில்லை. அதனுள்ளும் ‘ழ’ அகப்படுகிறது, எஞ்சுவது ‘சோ’. (நிரலின் பழைய பதிப்புகளில் வழு நுழைந்த இடத்தைக் காணவும் இம்முறையே பயன்படுகிறது. ஆயிரம் மாற்றங்களை ஏறத்தாழப் பத்துச் சோதனைகளில் கடந்துவிடலாம்.)

இனிக் கண்ணை நம்பாமல் குறியெண்களை அச்சிட்டுப் பார்த்தல் வேண்டும். அகப்படும் ‘சோ’ 2970, 3019 என இரு குறியெண்களால் ஆனது. அகப்படாதது 2970, 3015, 3006 என மூன்றால் ஆனது. அதாவது ஓகாரக் குறி, ஏகாரக் குறியாகவும் காலாகவும் பிரிந்து நிற்கிறது. ஆறெழுத்துச் சொல்லைப் பைத்தான் மொழி ஓரிடத்தில் 10 என்றும் மற்றோரிடத்தில் 11 என்றும் எண்ணுவது இதனாலேயே. திஸ்கி போன்ற பழைய குறியாக்கங்கள் கொம்பையும் காலையும் தனித்தனியே சேமித்தன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல் இரண்டையும் இணைக்காது விடின் இந்நிலை நேரும்.

ஒருங்குறியின் இயல்பாக்க விதி இவ்விரு வடிவங்களையும் ஒன்றாக்கும். பனுவல் உள்நுழையும் இடத்திலும் தேடுசொல்லிலும் அதனைச் செயற்படுத்துவதே முறை. தேடல் நிரலுக்குள் ‘சோ’வுக்கு மட்டும் விலக்கு எழுதுவது ஒட்டுப்போடுவதாகும்.

ஔகார வழு இதனினும் கடினமானது. ‘கௌரவம்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பும் ளகரமும் தட்டச்சாகியிருப்பின் இயல்பாக்கம் அதனைத் தீண்டாது. ளகரம் ஒருங்குறியில் வேறோர் எழுத்து. அவ்விணையைக் கண்ட இடமெல்லாம் மாற்றினால் ‘தெளிவு’, ‘வெள்ளம்’ ஆகிய சொற்கள் சிதையும். ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் விட்டுவிட வேண்டும். எஞ்சியவற்றையும் அகராதிச் சொற்பட்டியலோடு ஒப்பிட்ட பின்னரே மாற்றுதல் தகும். ‘சோழவந்தான்’, ‘கௌரவம்’, ‘தெளிவு’ ஆகிய மூன்றையும் நிலையான சோதனைச் சொற்களாக நிரலோடு சேர்த்து வைத்தால், பின்னர் அதனைத் திருத்துவோர் பழைய வழுவை மீண்டும் கொணரும்போது சோதனை உடனே காட்டிக்கொடுக்கும்.