பழைய எஞ்சின், புதிய ஆட்டம்!

ஜப்பான் நாட்டில் கியோட்டோ என்று ஒரு நகரம். அங்கே நின்டெண்டோ என்ற கம்பெனி இருக்கிறது. டெலிவிஷனில் ஆடும் வீடியோ விளையாட்டுகளுக்குப் பேர்போன கம்பெனி அது.

1998-ம் ஆண்டு நவம்பர் மாதம், "செல்டா" வரிசையில் "ஆக்கரினா ஆப் டைம்" என்ற ஆட்டத்தை அது வெளியிட்டது. உலகமெங்கும் ஒரே பாராட்டு!

(செல்டா என்பது இளவரசியின் பெயர். ஆட்டத்தின் வீரன் பெயர் லிங்க். இன்றும் பலர் வீரனைத்தான் செல்டா என்கிறார்கள்!)

சரி, அடுத்தது என்ன?

செல்டாவை உருவாக்கியவர்களில் ஒருவர் ஷிகெரு மியமோட்டோ. அதே ஆட்டத்தில் பாதாளக் கோட்டைகளை மட்டும் மாற்றி, இன்னொரு பதிப்பு போடலாம் என்றார் அவர்.

கோட்டைகளை அமைத்த எய்ஜி அவோனுமாவுக்கு அதில் மனம் இல்லை. செய்ததையே திரும்பச் செய்வதா? புது ஆட்டமே செய்கிறேன் என்றார்.

மியமோட்டோ ஒரு நிபந்தனை போட்டார். ஓர் ஆண்டுக்குள் முடிக்க வேண்டும்!

எஞ்சின் என்றால் என்ன?

மோட்டார் எஞ்சின் அல்ல. இது கம்ப்யூட்டர் புரோகிராம். மரத்தையும் மலையையும் திரையில் வரைவது இதுதான். வீரன் குதித்தால் கீழே விழச் செய்வதும், கத்தி எதிரி மேல் பட்டதா என்று பார்ப்பதும் இதன் வேலை. இதைப் புதிதாக எழுத நெடுங்காலம் பிடிக்கும்.

நாடகக் கம்பெனியை நினைத்துக்கொள்ளுங்கள். அரண்மனை சீன், காட்டு சீன், கிரீடம், வாள் எல்லாம் பெட்டியில் இருக்கும். நேற்று ராஜாவாக வந்த நடிகர், இன்று மந்திரியாக வருவார். கதைதான் வேறு.

அவோனுமாவும் அதையே செய்தார். பழைய எஞ்சினை எடுத்தார். பழைய ஆட்களின் உருவங்களுக்கும் புதுப் பெயர், புது வேலை கொடுத்தார்.

யோஷியாகி கொய்சுமி என்பவர் துணைக்கு வந்தார். குறுகிய நேரத்தைத் திரும்பத் திரும்ப ஆடுவது அவருடைய யோசனை. முதலில் ஒரு வாரக் கதை என்று நினைத்தார்கள். அது நீளம் என்று 3 நாளாகக் குறைத்தார்கள்.

சந்திரன் விழப்போகிறது!

கோர முகம் கொண்ட சந்திரன், ஊரை நோக்கி இறங்கி வருகிறது. 3 நாள் முடிந்தால் ஊரே சாம்பல்! வீரன் தன் ஊதுகுழலை வாசித்து, முதல் நாளுக்கே திரும்பிப்போக வேண்டும். நடந்தது எதுவும் ஊராருக்கு நினைவிருக்காது.

ஒரு மணப்பெண், காணாமல் போன மாப்பிள்ளைக்காகக் காத்திருக்கிறாள். தபால்காரர் பயந்து நடுங்குகிறார். ஓடிவிட ஆசைதான். ஆனால் வேலை அட்டவணையில் அப்படி எழுதவில்லையே! பரந்த நாட்டைக் காட்டிய முந்திய ஆட்டத்தைவிட, இந்தச் சின்ன ஊர்தான் நெஞ்சைத் தொடுகிறது.

"மஜோராஸ் மாஸ்க்" என்ற பெயரில் 2000-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் இது வெளிவந்தது. கெடு கொஞ்சம் தாண்டிவிட்டது. ஆனாலும் இரு ஆட்டங்களுக்கும் இடையே சுமார் 17 மாதம்தான்!

அலுத்துப்போனது

அப்படியானால் என்றும் பழசே போதுமா? போதாது. ஒரு கோட்டை, ஒரு புதுக் கருவி, ஓர் அரக்கன், மறுபடி ஒரு கோட்டை என்று பல ஆண்டுகள் ஓடின. ஆடுகிறவர்களுக்கு அலுத்தது.

பழைய வழக்கங்களை எல்லாம் மாற்றிப் பார்க்கப்போவதாக 2013-ல் அவோனுமா அறிவித்தார். 2015-ல் வரவேண்டிய ஆட்டம், 2017 மார்ச் மாதம்தான் வந்தது. பெயர் "பிரெத் ஆப் தி வைல்ட்". எந்த மலையிலும் ஏறலாம். தொடக்கப் பகுதி முடிந்ததும், நேரே பெரிய அரக்கனிடமே போகலாம். 3 கோடிக்கு மேல் விற்றது.

அதன் தொடர்ச்சி, 2023 மே மாதம் வந்தது. அதே நாடு, அதே மலைகள்! ஆனால் அமெரிக்காவில் 60 டாலராக இருந்த விலை, 70 டாலர் ஆகிவிட்டது. பழைய ஊருக்குப் புது விலையா என்று சிலர் முணுமுணுத்தார்கள். நியாயமான கேள்விதான்.

பெட்டியைத் திறந்தவர்கள் என்ன கண்டார்கள்? வானத்தில் மிதக்கும் தீவுகள். பூமிக்கு அடியில் இருண்ட உலகம். கையில் ஒரு புது வித்தை. எதையும் எதோடும் ஒட்டலாம். மரக்கட்டைகளை ஒட்டினால் பாலம். பலகையில் சக்கரம் ஒட்டினால் வண்டி. காற்றாடி வைத்தால் அது பறக்கும்!

முதல் 3 நாளில் 1 கோடி விற்றது.