வீடு பார்க்கும் முன் நீரைப் பார்த்தல்

இடம்பெயரும் குடும்பங்கள் – 9

மதுரை, திருநெல்வேலி, திருச்சி, சேலம் முதலிய ஊர்களிலிருந்து வேலையின் பொருட்டுச் சென்னைக்குக் குடிபெயரும் குடும்பங்களில் பல, நகரத்தின் தெற்கிலும் தென்மேற்கிலும் உள்ள புறநகர்களிலேயே வீடு தேடுகின்றன. வேலைகள் அந்தத் திசையில் குவிந்திருப்பதே இதற்குக் காரணம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் தொழிற்சாலை வட்டாரமாக வளர்ந்தன. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின், பழைய மகாபலிபுரம் சாலை நெடுகச் சிறுசேரி வரை தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் வந்தமர்ந்தன. இவ்விரண்டு வட்டாரங்களுக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில்தான் மடிப்பாக்கம், மேடவாக்கம், செம்பாக்கம், பெரும்பாக்கம், முடிச்சூர் போன்ற குடியிருப்புகள் பெருகியுள்ளன.

அலுவலகத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதே வீடு தேடுவோர் முதலில் கேட்கும் கேள்வியாக இருக்கிறது. அந்தக் கேள்வி நியாயமானதுதான் என்றாலும், வீட்டின் மற்ற எல்லாத் தேவைகளையும் அதற்குப் பின்னால் வரிசையில் நிறுத்துவது பெரும் பிழையாக முடிகிறது. வேலை மாறக்கூடியது, அலுவலகமே வேறு கட்டடத்துக்குப் போய்விடக்கூடியது. ஆனால் வீடு நிற்கும் நிலத்தின் மட்டமும், அதன் அடியிலுள்ள நீரின் தன்மையும், பிள்ளை நடந்து போகும் தெருவும் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. கணவனும் மனைவியும் எதிரெதிர்த் திசைகளில் வேலை பார்க்கும் குடும்பத்துக்கு வண்டலூர்ச் சந்திப்பு ஒரு நல்ல விடையாக அமைவதுண்டு. அங்கிருந்து கேளம்பாக்கம் செல்லும் சாலை பழைய மகாபலிபுரம் சாலையில் சேர்கிறது, வாலாஜாபாத் செல்லும் சாலை ஒரகடத்தைக் கடக்கிறது. மேலும், கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931இல் தொடங்கிய மின்தொடர் வண்டிச் சேவை இன்று செங்கல்பட்டு வரை நீண்டிருப்பதால், அத்தடத்தை ஒட்டிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையோரம் வாழ்வோருக்குப் பயண நேரம் ஓரளவு முன்கூட்டியே தெரிந்த ஒன்றாக இருக்கிறது. இருப்புப்பாதையிலிருந்து விலகிய மேடவாக்கம் போன்ற இடங்களில் சாலை நெரிசலே நேரத்தைத் தீர்மானிக்கிறது. போக்குவரத்தைப் பற்றி இவ்வளவு அறிந்துகொண்டால் போதும். விரிவாக ஆராய வேண்டியது நீர்.

இந்தத் தென்புறநகர் முழுவதும் ஒரு பழைய நீர்ப்பாசன அமைப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஏரிகள் ஒன்றுக்கொன்று கீழ்மட்டத்தில் அமைந்து, மேல் ஏரி நிறைந்ததும் அதன் உபரி நீர் கலங்கல் வழியாக வெளியேறி அடுத்த ஏரியை நிரப்பும் முறைக்குச் சங்கிலித்தொடர் ஏரிகள் என்று பெயர். கலங்கல் என்பது ஏரிக்கரையில் உபரி நீர் வழிவதற்காகவே கட்டப்பட்ட தாழ்வான கல்வரம்பு. சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் உள்ளிட்ட இவ்வட்டார ஏரிகளின் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைந்து, அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் வடிகாலாக விளங்கும் இச்சதுப்பு நிலம், 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்து, பின்னர் குப்பைமேடும் சாலைகளும் கட்டடங்களும் தின்றதுபோக மிகச் சிறிதாகச் சுருங்கியது. 2022இல் அது ராம்சர் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியது என்றாலும், ஏற்கெனவே வீடுகளாகிவிட்ட பகுதிக்கு மழைநீர் தன் பழைய உரிமையோடு ஆண்டுதோறும் வருவதை எந்த அறிவிப்பும் தடுத்துவிடவில்லை.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்துக்குள் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அப்போது வந்த வெள்ளத்துக்குச் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டதே காரணம் என்ற பொதுக்கருத்து, வீடு தேடுவோரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லக் கூடியது. செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் கலக்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் ஆற்றோட்டத்தில் அந்த இடத்துக்கு மேலே இருப்பவை. அவற்றை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் பகுதி ஏரிகளிலிருந்து வந்த நீர். பெரிய ஏரியிலிருந்து தொலைவாக இருக்கிறோம் என்பது பாதுகாப்பாகாது. மேல்மட்டத்தில் எந்த ஏரி இருக்கிறது, அதன் கலங்கல் நீர் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டியிருக்கிறது என்பதைத்தான் விசாரிக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரி பகுதிகளில் நீர் நாள்கணக்கில் வடியாமல் நின்றதற்குச் சதுப்பு நிலத்தின் சுருக்கமும் அதன் வாய் குறுகியிருப்பதும் காரணங்களாயின.

வெள்ளம் வந்த தெருவை வெயில் காலத்திலும் அடையாளம் காண முடியும். சுற்றுச்சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரே மட்டமாக ஓடும் பழுப்புக் கறை புதிய சுண்ணாம்பின் அடியிலும் மங்கலாகத் தெரியும். மின் மீட்டர்ப் பெட்டி பழைய இடத்தில் நான்கு திருகுத் துளைகளை விட்டுவிட்டுத் தோள் உயரத்துக்கு ஏறியிருக்கும். தரையடி நீர்த்தொட்டியான சம்ப்பின் வாய், மழைநீர் உள்ளே புகாதபடி இரண்டு மூன்று வரிசைச் செங்கல் வைத்து உயர்த்தப்பட்டிருக்கும். பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் சாலை போட்டதால், வாசற்படி இறங்கி உள்ளே போகும்படியான பழைய வீடுகளும் உண்டு. அத்தகைய வீட்டின் தரைத்தளத்தை, வாடகை எவ்வளவு குறைந்தாலும், முதியோர் இருக்கும் குடும்பம் ஏற்கலாகாது.

நவம்பரில் நீர் புகும் அதே தெரு மே மாதத்தில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிறது என்பது இப்புறநகர்களின் வேதனையான உண்மை. மழையைத் தாங்கி நிலத்துக்குள் அனுப்ப வேண்டிய நிலப்பரப்பு மூடப்பட்டதால் ஒரே காரணத்திலிருந்து இரண்டு துன்பங்களும் பிறக்கின்றன. கடலை நெருங்க நெருங்க ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுகிறது. குழாய் முனையில் படியும் வெண்மையான பொருக்கும், வாளியின் உட்புறத்து வெள்ளை வளையமும் வீட்டு உரிமையாளரின் வாய்மொழியைவிட நம்பத்தக்க சான்றுகள். நகர்ப்புறத் தேவைக்கு இந்தியாவில் பின்பற்றப்படும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். அந்தக் கணக்கில் நால்வர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 16,200 லிட்டர் வேண்டும். 12,000 லிட்டர் லாரி ஒன்று ஏறத்தாழ 22 நாளுக்கு மட்டுமே வரும். இந்தச் செலவையும், குடிப்பதற்கு வாங்கும் கேன் தண்ணீரின் செலவையும், கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்யும் லாரியின் செலவையும் சேர்த்துப் பார்த்தால், உட்புறத்திலுள்ள விலை கூடிய வீடும் புறநகரின் மலிவான வீடும் பல சமயங்களில் அருகருகே வந்துவிடுகின்றன.

நீரும் சாக்கடையும் யாருடைய பொறுப்பு என்பது தெருவுக்குத் தெரு மாறுகிறது. சென்னை மாநகராட்சி 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது பள்ளிக்கரணையும் சோழிங்கநல்லூரும் அதில் சேர்ந்தன. 2021இல் பல்லாவரம், தாம்பரம், செம்பாக்கம் முதலிய நகராட்சிகளையும் சில பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. இவ்விரண்டு மாற்றங்களின்போதும் மேடவாக்கமும் பெரும்பாக்கமும் ஊராட்சிகளாகவே விடப்பட்டன. அடுக்குமாடிகள் நிறைந்த ஊரை ஊராட்சி நிர்வாகத்தின் கீழ் வைத்திருப்பது அங்கு வாழ்வோருக்குச் செய்யும் அநீதி. முகவரியில் சென்னை என்று எழுதியிருப்பதைக்கொண்டு நிர்வாகத்தை ஊகிக்காமல், சொத்து வரி எந்த அலுவலகத்தில் கட்டப்படுகிறது என்று கேட்டறிவது நலம்.

முன்பணத்தைப் பொறுத்தவரை, பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கேட்பது சென்னையின் பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலன்றி முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது என்கிறது. அந்த விதிவிலக்கு இருப்பதால், கையொப்பமிடும் முன் பேசி முடிப்பதே பயன் தரும்.

வீடு தரும் சிரமங்களையெல்லாம் அன்றாடம் எதிர்கொள்பவர் பெரும்பாலும் அலுவலகம் செல்லாத உறுப்பினரே. லாரி வரும் நேரத்துக்கு வீட்டிலிருப்பது, பள்ளி வேன் வராத நாளில் பிள்ளையைக் கொண்டுவிடுவது, மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது ஆகியவை அவர் தலையில் விழுகின்றன. ஆகவே வீடு பார்க்கும் பொறுப்பை வேலைக்கு வந்தவர் தனியே முடித்துவிட்டுத் தகவல் மட்டும் சொல்லும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். தேர்வில் வீட்டிலிருப்பவரின் சொல்லே முதன்மை பெறுவது நியாயம்.

பள்ளிகள் ஜூனில் திறப்பதால் குடும்பங்கள் மே மாதத்தில் குடிவருகின்றன. வெள்ளத்தின் தடயம் மிகக் குறைவாகத் தெரியும் மாதமும் அதுவே. ஆனால் வேலைக்குச் சேர்ந்தவர் பல மாதம் முன்னதாகவே வந்து, மேன்ஷனிலோ நண்பர்களோடு அறை எடுத்தோ தங்கியிருப்பது பரவலாக உள்ளது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை அந்த இடைவெளிக்குள் வந்தால், சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி பெய்யும் அந்த வாரங்களில் குறித்துவைத்த மூன்று நான்கு தெருக்களையும் கனமழைக்கு மறுநாள் காலையில் நேரில் சென்று பார்த்துவிடலாம். நீர் எங்கே நிற்கிறது, எத்தனை மணி நேரத்தில் வடிகிறது, மின்சாரம் எப்போது திரும்புகிறது என்பவற்றை அங்குள்ள மளிகைக்கடைக்காரரும் மருந்துக்கடைக்காரரும் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். குடும்பத்தை ஏப்ரலில் ஒருமுறை அழைத்துவந்து குழாய் நீரைப் பரிசோதித்துப் பார்த்தபின் அட்வான்ஸ் கொடுத்தால், தேர்வுக்குத் தேவையான இரு பருவங்களும் பார்க்கப்பட்டுவிடும்.

(தொடரும்)