முகாமிலிருந்து ஒரு கடிதம்



கடிதம் எழுதும் பாடத்தில், தாளின் மேற்பகுதியில் இடத்தையும் நாளையும் குறிக்குமாறு நாம் உங்களை வற்புறுத்துகிறோம். முடிவில் பெயரெழுதிக் கையொப்பமிடச் சொல்கிறோம். "கைப்பேசி இருக்கும்போது இவையெல்லாம் எதற்கு, ஐயா?" என்று உங்களுள் சிலர் கேட்பதுண்டு. அக்கேள்விக்கு விடையாக, போர்க்காலத்தில் வீட்டைப் பிரிந்து முகாம்களில் வாழ்ந்தோரின் கடிதங்களைப் பற்றிக் கூற விழைகிறோம். முதலில் தொலைதூர நாடு ஒன்றைக் காண்போம். பின்னர் நம் தோட்டத்திற்கே திரும்புவோம்.

ஒரே நாட்டு மக்கள் இரு பிரிவாகி ஒருவரோடொருவர் பொருதுவதே உள்நாட்டுப் போர். அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை அத்தகைய போர் நடந்தது. கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்த தென்மாநிலங்கள் நாட்டினின்று பிரிய முற்பட்டன. வடமாநிலங்கள் அதை எதிர்த்தன. ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டனர். அவர்களுள் பாதிக்கும் மேலானோர் குண்டடிபட்டு இறக்கவில்லை; முகாம்களில் பரவிய நோய்களால் இறந்தனர்.

அப்போரில் இரு தரப்பு வீரர்களுள் பெரும்பாலோர் எழுத்தறிவு பெற்றிருந்தனர். கூடாரத்தில் மெழுகுவத்தி ஒளியில், முழங்காலின்மேல் பலகையை வைத்துக்கொண்டு எழுதினர். அஞ்சல்தலை வாங்க இயலாத வடதிசை வீரர், "வீரரின் கடிதம்" என உறையின்மீது குறித்து அனுப்பலாம். அதைப் பெறுவோர் கட்டணம் செலுத்துவர். தாள் தட்டுப்பாடானபோது, எழுதி முடித்த பக்கத்தையே திருப்பிப் பிடித்து, வரிகளுக்குக் குறுக்காக மீண்டும் எழுதினர்.

எழுத இயலாதோர் என் செய்தனர்? கவிஞர் வால்ட் விட்மன் 1862ஆம் ஆண்டின் இறுதியில், போரில் காயமுற்ற தம் தம்பியைத் தேடிச் சென்றார். தம்பி நலமாயிருக்கக் கண்டும் அவர் ஊர் திரும்பவில்லை. வாஷிங்டன் நகர மருத்துவமனைகளில் கிடந்த வீரர்களின் அருகே அமர்ந்து, அவர்கள் சொல்லச் சொல்லத் தாய்க்கும் மனைவிக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது அந்நாளில் சட்டப்படி குற்றமாயிருந்தது. எழுதத் தெரிந்தவன் தன் விடுதலையைத் தானே எழுதிக்கொள்வான் என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம். அடிமையாயிருந்து தப்பி வடதிசைப் படையில் சேர்ந்தவர் ஸ்பாட்ஸ்வுட் ரைஸ் என்பவர். 1864 செப்டம்பரில் செயிண்ட் லூயி நகரின் படை மருத்துவமனையிலிருந்து, இன்னும் அடிமைத்தளையில் கிடந்த தம் புதல்வியருக்குக் கடிதம் எழுதினார். உயிரைக் கொடுத்தேனும் உங்களை மீட்பேன் என்பதே அதன் சாரம். அவர்களுள் ஒருவரை வைத்திருந்த சீமாட்டிக்கும் அஞ்சாது ஒரு கடிதம் எழுதினார். பின்னாளில் அக்குடும்பம் ஒன்றுசேர்ந்தது. அக்கடிதங்கள் இன்றும் அமெரிக்க அரசின் ஆவணங்களில் உள்ளன. ஒரு தந்தையின் அன்பு நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்து நம்மிடம் பேசுகிறது.

இனி, நம் மண்ணுக்கு வருவோம்.

1942 சனவரியில் சிலாங்கூர் சப்பானியர் வசமாயிற்று. இரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. அவ்வேளையில் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்திற்கு இருப்புப்பாதை அமைக்கச் சப்பானியப் படை ஆள் திரட்டியது. நல்ல கூலி உண்டென்று சொல்லிச் சிலரை அழைத்துச் சென்றனர். பலரை வலிந்து பிடித்துச் சென்றனர். "சயாம் சடக்கு" என்று நம் மூத்தோர் குறிப்பிடுவது அதைத்தான். 1943 அக்டோபரில் பாதை முடிவுற்றது. அதற்குள் வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் பல்லாயிரவரைக் கொன்றுவிட்டன. மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர்.

அதே பாதையில் ஏறத்தாழ 60,000 நேச நாட்டுப் போர்க்கைதிகளும் உழைத்தனர். எப்போதோ ஒருமுறை, அச்சிட்ட அஞ்சலட்டை ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. நலம், வேலை பற்றிய சில வரிகளும் கையொப்பமுமே அதில் இருக்கும். எனினும், மகன் உயிரோடிருக்கிறான் என்பதை அறிய ஒரு தாய்க்கு அதுவே போதுமானதாயிருந்தது. மாண்ட கைதிகளின் பெயர்களைத் தோழர்கள் மறைவாக எழுதி வைத்தனர். இன்று காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர் துயில்கின்றனர். பெரும்பாலான கல்லறைகளில் பெயர் உண்டு.

நம்மவர்க்கோ அந்த அட்டையும் இல்லை. பெரும்பாலோர் எழுத்தறியாதவர். அஃது அவர்தம் குற்றமன்று. சிறுவயதிலேயே பால்மரத்தடிக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். பெயரை எழுதி வைக்க ஆளில்லாமல், காட்டோரப் பொதுக்குழிகளில் அவர்கள் மறைந்தனர்.

நாம் சிறுவராயிருந்தபோது தோட்டத்து ஆபீசுக்கு வரும் கடிதங்களை லயத்து வீடுகளில் கொண்டுபோய்க் கொடுப்பதுண்டு. கடைசி வீட்டுப் பாட்டி ஒருவர் வாசலிலேயே நிற்பார். "தம்பி, சயாமிலிருந்து எனக்கு ஏதும் வந்திருக்கிறதா?" என்று கேட்பார். கணவர் போய் நாற்பதாண்டுகள் கடந்திருந்தன. "இல்லை, பாட்டி" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவோம். அவர் கேட்டதன் பொருள் அன்று நமக்கு விளங்கவில்லை. இறந்துவிட்டார் என்ற ஒரு வரி வந்திருந்தாலாவது அவர் அழுது ஆறியிருப்பார், அதுவும் வரவில்லை.

மாணவர்களே, இடம், நாள், பெயர் ஆகியவற்றை எழுதுமாறு நாம் ஏன் வற்புறுத்துகிறோம் என்பது இப்போது விளங்கியிருக்கும். இன்னார், இன்ன இடத்தில், இன்ன நாளில் உயிரோடிருந்தார் என்பதற்கு அம்மூன்றுமே சான்று.

இவ்விடுமுறையில் ஒரு பணி செய்யுங்கள். உங்கள் வீட்டிலும் அண்டை வீட்டிலும் உள்ள மூத்தோரிடம் சென்று, சயாமுக்குப் போனவர்களின் பெயர்களைக் கேளுங்கள். பெயர், தோட்டம், திரும்பி வந்தாரா இல்லையா என்பதை ஏட்டில் தெளிவான கையெழுத்தில் எழுதுங்கள். அவர்கள் எழுத இயலாமற்போன கடிதத்தை அவர்கள் பொருட்டு நீங்கள் எழுதுங்கள்.