ஐபி68 போன் வைத்திருக்கிறீர்களா? குளத்தில் குதிக்கும் முன் இதைப் படியுங்கள்!

“தண்ணியில விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது சார்!” - போன் கடைகளில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. ஆதாரமாக, பெட்டியில் அச்சாகியிருக்கும் ‘ஐபி68’ என்ற குறியீட்டைக் காட்டுவார்கள். அதை நம்பி அருவிக் குளியல், கடற்கரை செல்ஃபி என்று போனையும் நனைக்கிறோம். ஒருநாள் திரை அணைந்துபோகிறது. சர்வீஸ் சென்டருக்கு ஓடினால், “உள்ளே தண்ணி போயிருக்கு, வாரன்டியில வராது” என்று கையை விரித்துவிடுகிறார்கள்.

பெட்டியில் போட்டிருந்ததும் பொய் இல்லை. சர்வீஸ் சென்டரில் சொல்வதும் பொய் இல்லை. அந்த எண்கள் எதற்கு உறுதி தருகின்றன, எதற்குத் தரவில்லை என்பது நமக்குத் தெரியாததுதான் சிக்கல்.

அறுபத்தெட்டு அல்ல... ஆறு, எட்டு!

மின்சாதனங்களுக்குள் தூசும் தண்ணீரும் புகாமல் இருக்கும் திறனை அளவிட, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் வகுத்த தர நிர்ணயத்தின் எண் 60529. முதன்முதலில் 1976-ல் வெளியானது. இந்தியாவிலும் இதே தர நிர்ணயம்தான் ஏற்கப்பட்டிருக்கிறது. ‘ஐபி’ என்பது இந்தப் பாதுகாப்புக் குறியீட்டின் சுருக்கம்.

இதை ‘அறுபத்தெட்டு’ என்று படிக்கக் கூடாது. இரண்டு எண்களும் தனித்தனிப் பரீட்சைகளின் மார்க்குகள். முதல் எண் தூசுக்கு; இரண்டாவது எண் தண்ணீருக்கு.

தூசுக்கு 0 முதல் 6 வரை. 5 என்றால், கொஞ்சம் தூசு உள்ளே போனாலும் சாதனத்தின் இயக்கத்தைப் பாதிக்காது. 6 என்றால், தூசு உள்ளே போகவே கூடாது. மூடிய பெட்டிக்குள் மெல்லிய டால்கம் பவுடரைச் சுழலவிட்டு, இதைச் சோதிக்கிறார்கள்.

தண்ணீருக்கு 0 முதல் 9 வரை. முக்கியமானவை இவை:

* 4 - எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும்.
* 5 - குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் பீய்ச்சினாலும் தாங்கும்.
* 6 - நிமிடத்துக்கு 100 லிட்டர் வீதம் வேகமாகப் பீய்ச்சினாலும் தாங்கும்.
* 7 - 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடங்கள் மூழ்கியிருந்தாலும் தாங்கும்.
* 8 - 7-ஐ விடக் கடினமான மூழ்கல் சோதனை. ஆழமும் நேரமும் தயாரிப்பாளர் குறிப்பிடுவது.
* 9 - 80 டிகிரி செல்சியஸ் சுடுநீரை, மிக அதிக அழுத்தத்தில் அருகிலிருந்து அடித்தாலும் தாங்கும்.

சில இயர்பட்ஸ் பெட்டிகளில் ‘ஐபிஎக்ஸ்4’ என்று இருக்கும். ‘எக்ஸ்’ என்றால் பூஜ்ஜியம் என்று அர்த்தம் இல்லை. தூசுக்கான மதிப்பீடு அங்கே குறிப்பிடப்படவில்லை, அவ்வளவுதான்.

எல்லா எட்டும் ஒன்றல்ல!

‘8’ என்ற எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. சாம்சங்கின் பல கேலக்ஸி போன்களுக்கு ஐபி68 என்றால், 1.5 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடங்கள். ஐபோன் 12-க்கு அதே ஐபி68 என்றால், 6 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடங்கள். குறியீடு ஒன்று, ஆழம் நான்கு மடங்கு வித்தியாசம். அதனால், எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதையும் படிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். எட்டாம் வகுப்பு பாஸ் என்றால் ஆறாம் வகுப்பும் பாஸ் என்று நினைப்போம். இங்கே அப்படி இல்லை. 7-ம் 8-ம் மூழ்குவதற்கான சோதனைகள். 5-ம் 6-ம் பீய்ச்சி அடிப்பதற்கான சோதனைகள். அசையாத தண்ணீரில் மூழ்கித் தப்பிக்கும் சாதனம், வேகமாகப் பீய்ச்சும் குழாய்த் தண்ணீரைத் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சில போன்களில் ஐபி66, ஐபி68, ஐபி69 என்று வரிசையாகப் போட்டிருப்பது இதனால்தான்.

ஆய்வகத் தண்ணீரும் நம் தண்ணீரும்

இந்தச் சோதனை நடப்பது புத்தம் புதிய சாதனத்தில், சுத்தமான நன்னீரில். நம் வாழ்க்கை அப்படி இல்லையே! கடல் நீரில் இருக்கும் உப்பு, சார்ஜிங் போர்ட்டில் உள்ள உலோகத்தை அரிக்கும். நீச்சல் குளத்தில் குளோரின் இருக்கும். சோப்புத் தண்ணீர், சாதாரணத் தண்ணீரைவிடச் சுலபமாகச் சின்னச் சின்ன இடுக்குகளுக்குள் நுழையும். குளியலறை வெந்நீரின் ஆவியும் ஆபத்துதான்.

அதோடு, தண்ணீரைத் தடுப்பது போனுக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் வளையங்களும் பசையும்தான். நாளாக ஆக அவை தளர்ந்துபோகும். ஒருமுறை கீழே விழுந்தாலோ, திரையை மாற்றுவதற்காகப் போனைத் திறந்தாலோ அந்தப் பாதுகாப்பு குறையலாம். மூன்று வருடம் பழகிய போனைப் பெட்டியிலிருந்து அன்றுதான் எடுத்ததுபோல நம்பக் கூடாது.

நீதிமன்றம் வரை போன விவகாரம்

போனைக் குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்பதுபோல் விளம்பரம் செய்ததற்காக, ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் சாம்சங் மீது வழக்கு தொடுத்தது. அப்படிப் பயன்படுத்திய பின் ஈரத்தோடு சார்ஜ் போட்டால், போர்ட் அரித்துப்போக வாய்ப்பிருந்தது. 2022-ல் அந்த நாட்டு நீதிமன்றம் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இத்தாலியிலோ, தண்ணீரைத் தாங்கும் என்று விளம்பரம் செய்துவிட்டு, தண்ணீரால் ஏற்படும் பழுதுக்கு வாரன்டி தராதது உள்ளிட்ட காரணங்களுக்காக, 2020-ல் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது.

பல போன்களில் சிம் தட்டு இருக்கும் இடத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். ஈரம் பட்டால் சிவப்பாக மாறிவிடும். சர்வீஸ் சென்டரில் முதலில் பார்ப்பது அதைத்தான்.

போன் நனைந்துவிட்டால்...

* உடனே ஆஃப் செய்து, மெல்லிய துணியால் துடையுங்கள். கவரைக் கழற்றிவிடுங்கள்.
* ஈரம் காயும் வரை சார்ஜரைச் செருகவே கூடாது. ‘ஈரம் இருக்கிறது’ என்று போன் எச்சரித்தால் அலட்சியம் வேண்டாம்.
* போர்ட் கீழே பார்க்கும்படி பிடித்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். பிறகு காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.
* ஹேர் டிரையர் வேண்டாம். சூடு, பசையை இளக்கிவிடும்.
* அரிசிக்குள் புதைக்காதீர்கள். அரிசித் துகள்கள் போனைப் பழுதாக்கலாம் என்று ஆப்பிளே எச்சரித்திருக்கிறது. அரிசியைச் சோறாக்கிக்கொள்ளலாம்!

வாங்கும்போது கவனிக்க...

ஸ்மார்ட் வாட்ச்சில் ‘50 மீட்டர்’ என்று போட்டிருந்தால், அதைக் கட்டிக்கொண்டு 50 மீட்டர் ஆழத்துக்கு முக்குளிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. அது ஆய்வகத்தில் கொடுக்கப்படும் அழுத்தத்தின் கணக்கு. குளத்தில் நீந்துவது போன்ற மேலோட்டமான பயன்பாட்டுக்குத்தான் அது.

போன், வாட்ச் மட்டுமல்ல... வீட்டுக்கு வெளியே மாட்டும் விளக்கு, சிசிடிவி கேமரா எல்லாவற்றுக்கும் இதே எண்கள்தான். சாரல் அடிக்கும் வாசலுக்கு ஐபி20 விளக்கை மாட்டினால், மழைக்கு அங்கே பாதுகாப்பே இல்லை. ஐபி65 கேட்டு வாங்குங்கள். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற வார்த்தை மட்டும் இருந்து, எண் இல்லையென்றால் நம்ப வேண்டாம்.

தவறி விழும் ஒரு டம்ளர் தண்ணீருக்கும் திடீர் மழைக்குமான காப்புதான் இந்த எண்கள். போனைக் குளிப்பாட்ட அனுமதிச் சீட்டு அல்ல. போன் போனால் இன்னொன்று வாங்கலாம். பாட்டியின் குரல் பதிவும் குழந்தையின் முதல் நடை வீடியோவும் போனால் கடையில் கிடைக்காது. அவற்றுக்கு இன்றைக்கே ஒரு பேக்கப் எடுத்து வைத்துவிடுங்கள்.