சிமென்ட் பூசறதுக்கு முன்னாடி

கொடைரோடு பக்கம் தாத்தா காலத்து வீட்டை மினிமலிஸ்ட் வீடா மாத்தப் போறீங்களா? மொதல்ல கொத்தனார்கிட்ட சொல்லுங்க: சிமென்ட் பூச்சு வேணாம்.

பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஏறுற ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியா வெளியேறிடும். மேல சிமென்ட், பட்டி, பிளாஸ்டிக் பெயின்ட்னு அடைச்சா உள்ளேயே நின்னு, உப்பு பூத்து, பூச்சு உதிரும். மெட்ராஸ் டெரஸ் கூரைன்னா ஆபத்து இன்னும் அதிகம். செங்கல்லைத் தாங்குற மரக்கட்டைகளோட முனை அந்தச் சுவருக்குள்ளதான் இருக்கு.

இன்ஸ்டாவுல பார்த்து ஆசைப்படுற அந்த மேட் வெள்ளை, வெறும் சுண்ணாம்பு அடிச்சாலே வரும். ஆனா சுண்ணாம்பு காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடை இழுத்துத்தான் மெதுவா கல்லாகும். ஒரே வாரத்துல முடிங்கன்னு நச்சரிக்க முடியாது.

கூரையில கை வைக்கறதுக்கு முன்னாடி கட்டை முனையை ஆணியால குத்திப் பாருங்க. பொதபொதன்னு உள்ள போச்சுன்னா, கலர் பேச்சை அப்புறம் வச்சுக்கலாம்.